ரொறன்ரோவில் ஏறி ரொறன்ரோவில் இறங்க முடியாத கப்பல்

“பிள்ளை, எயார்போட் அலைச்சலும் வேண்டாம், போடரில நிண்டு பதில் சொல்லுற வேலையும் வேண்டாம். இங்க ரொறன்ரோவில ஏறி, ஒரு கிழமை ஏரியெல்லாம் சுத்திப்போட்டு, திரும்ப இங்கயே இறங்கிற மாதிரி ஒரு குரூஸ் பாத்துத் தாங்கோ.”

ஸ்காபரோவில் பயண முகவர் தொழில் செய்கிற எங்களுக்கு இந்தக் கோரிக்கை பழகிப்போனது. கேட்பவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு முழங்கால் வருத்தம், விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடக்க ஏலாது. “அப்படி ஒரு கப்பல் இல்லை ஐயா” என்று சொன்னால் முகத்தில் சந்தேகம் தெரியும். செரி வீதிப் பக்கத் துறைமுகத்தில் கோடை காலத்தில் குரூஸ் கப்பல் கட்டி நிற்பதை அவரே கண்ணால் கண்டிருப்பார். கண்டது பொய்யில்லை. அந்தக் கப்பல் அவரை ரொறன்ரோவில் ஏற்றும். மில்வோக்கியில் கொண்டுபோய் இறக்கும். ஏற்றிய இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து இறக்கினால், அனுமதிப் பத்திரம் இல்லாதவரை, அது சட்ட மீறல்.

பனிக்கட்டிதான் காரணம், ஏரியின் ஆழந்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் கனடாவின் கரையோர வணிகச் சட்டத்தில் வரும் ஒரு வரையறை. 1992இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் அது. கனடாவுக்குள் ஓர் ஏரியிலோ ஆற்றிலோ இருக்கும் இடத்தில் பயணியை ஏற்றி, அதே இடத்திலோ கனடாவின் வேறோர் இடத்திலோ கொண்டுசேர்த்தால் அது கரையோர வணிகம். நேரே போனாலும் அப்படித்தான், நடுவில் வெளிநாட்டைத் தொட்டுவிட்டுப் போனாலும் அப்படித்தான். அந்த வணிகம் கனடாவில் பதிந்து, சுங்க வரியும் கட்டிய கப்பலுக்கே உரியது.

கடலோரத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. வன்கூவரில் ஏறியவர் அலாஸ்காவில் ஒரு துறைமுகத்துக்குப் போய்விட்டு வன்கூவரிலேயே இறங்கலாம். கப்பல் பஹாமாஸ் கொடியோடு ஓடினாலும் கேள்வி இல்லை. ஹலிபக்ஸில் ஏறுபவருக்கு, நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் இன்னமும் பிரான்சின் உடைமையாக இருக்கும் சென் பியர் தீவைத் தொட்டுவிட்டு வந்தாலே போதும். மொன்றியலுக்கு எதிர்க்கரையில் சென் லம்பேர் லொக் இருக்கிறது. கடலிலிருந்து ஏரிகளுக்கு ஏறும் கப்பல் சந்திக்கிற முதல் நீர்ப்பூட்டு அது. அதற்குக் கீழே ஓடும் சென் லோரன்ஸ் ஆற்றுக்கும் கடலுக்குரிய சலுகை உண்டு. அதற்கு மேலே, ஒன்ராறியோ ஏரியிலிருந்து சுப்பீரியர் ஏரி வரை, கிடையாது.

இந்த வேறுபாட்டைச் சட்டத்தை எழுதியவர்கள் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். ரொறன்ரோவிலிருந்து ஏரிக்குக் குறுக்கே நயாகரா ஆற்றின் வாய்க்கு ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். காலையில் புறப்பட்டு அமெரிக்கக் கரையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளிநாட்டைத் தொட்டால் போதும் என்ற சலுகையை ஏரிகளுக்கும் கொடுத்திருந்தால் அந்தச் சட்டத்தில் ஒன்றும் மிஞ்சியிராது.

சொந்தக் கரையில் ஏற்றி இறக்குகிற வேலை சொந்தக் கொடிக்கே என்பது பழைய பிடிவாதம். இங்கிலாந்து 1651இலிருந்து கடற்பயணச் சட்டங்கள் போட்டு அதைக் காத்தது. தான் உலகத்தின் பெரிய கப்பல்காரனாக ஆன பிறகு, 1849இல் அவற்றைக் கைவிட்டது. தன் கரையோரத்தை மட்டும் இன்னும் ஐந்து வருடம் பொத்திவைத்திருந்து 1854இல் திறந்தது. வலியவனுக்கு வேலி தேவைப்படாது. கனடா கூட்டாட்சியாகி மூன்று வருடத்தில், 1870இல், தன் கரையோர வணிகத்தைப் பிரித்தானியக் கப்பல்களுக்கு ஒதுக்கியது. அதாவது பேரரசில் எங்கே பதிந்த கப்பலும் இங்கே ஓடலாம். ஏட்டளவில் கொழும்பிலோ சென்னையிலோ பதிந்த கப்பல் ஒன்று ரொறன்ரோவில் ஆளேற்றி மொன்றியலில் இறக்கியிருக்கலாம். மிச்சிகனிலிருந்து வந்த அமெரிக்கன் அதைச் செய்ய முடியாது. 1931இல் கையெழுத்தான பொதுநலவாயக் கப்பல் உடன்படிக்கையும் அந்த உரிமையை அப்படியே வைத்திருந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு உலை வைத்தது சென் லோரன்ஸ் கடல்வழி. பெரிய கப்பல்கள் கடலிலிருந்து நேரே ஏரிகளுக்குள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் கனேடிய ஏரிக் கப்பல்காரர்களுக்குப் பயம் பிடித்தது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் பிரித்தானியக் கப்பல்கள் தண்டர் பே தானியத்தை மொன்றியலுக்கு இறக்கத் தொடங்கினால் தங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். நீதிபதி ஸ்பென்ஸ் தலைமையில் அரச ஆணைக்குழு இருந்து 1957இல் அறிக்கை கொடுத்தது. 1959இல் கடல்வழி திறந்தது. 1960களின் நடுவில் ஏரிகளுக்கும் சென் லோரன்ஸுக்கும் உள்ளே கனடாவில் பதிந்த கப்பல்தான் என்று விதி இறுகியது. 1992 சட்டம் அதை நாடு முழுவதற்கும் நீட்டியது. நடந்த சண்டை தானியத்துக்காகவும் நிலக்கரிக்காகவும் நடந்தது. பயணிகள் அதில் சேர்த்துக் கட்டப்பட்ட சில்லறைச் சாமான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா 1886இலேயே பயணிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கர் உடைமையான கப்பல் அல்லாமல் வேறெதுவும் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே ஆளேற்றக் கூடாது. மீறினால் ஆளுக்கு 2 டொலர் தண்டம். 2 டொலரை ரிக்கெற் விலையோடு சேர்த்துவிட்டு ஓட்டுவார்கள் என்று பன்னிரண்டு வருடத்தில் புரிந்திருக்க வேண்டும். 1898இல் அதை 200 ஆக்கினார்கள். இப்போது விலைவாசியோடு சேர்ந்து ஏறி 800ஐத் தாண்டிவிட்டது. கப்பல் நிறுவனங்கள் அதைப் பயணியின் தலையிலேயே கட்டும் என்று ரிக்கெற்றின் பொடி எழுத்தில் இருக்கும்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு காலத்தில் ரொறன்ரோத் துறைமுகம் நிரம்பி வழிந்தது. 1913இல் பல சிறு நிறுவனங்களை இணைத்து உருவான கனடா ஸ்ரீம்ஷிப் லைன்ஸ் கோடைக்குக் கோடை ஆயிரக்கணக்கான ஆட்களை ஏற்றியது. கயூகா என்ற கப்பல் இங்கிருந்து நயாகராவுக்கு ஓடியது. கிங்ஸ்ரன் என்ற கப்பல் ரொச்செஸ்டரையும் ஆயிரம் தீவுகளையும் தொட்டு பிரெஸ்கொட் வரை போனது. அவை உள்ளூர்க் கொடிக் கப்பல்கள். ஐயா கேட்கிற பயணம் அன்றைக்கு யோங் வீதி முனையில் காசு கொடுத்தால் கிடைத்த சாதாரணப் பண்டம்.

அந்த நிறுவனத்தின் பெரிய கப்பல் நொரோனிக். 1913இல் போர்ட் ஆர்தரில், இன்றைய தண்டர் பேயில், நீரில் இறக்கப்பட்டது. 362 அடி நீளம், ஐந்து தளங்கள், உள்ளே எங்கு பார்த்தாலும் எண்ணெய் போட்டு மெருகேற்றிய மரம். கனேடியருக்கு அது சொந்தக் கப்பல். அமெரிக்கருக்கோ வெளிநாட்டுக் கப்பல். அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். 1949 செப்டம்பர் 14இல் அது டெட்ராயிட்டிலிருந்து ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டது. கிளீவ்லாண்டில் இன்னும் ஆட்களை ஏற்றியது. டெட்ராயிட்டில் ஏறியவரைக் கிளீவ்லாண்டில் இறக்கிவிட அதற்கு உரிமை இல்லை. 1886 சட்டம் குறுக்கே நின்றது. ஆகவே ஒன்ராறியோ ஏரிக்குள் வந்து, கனேடியத் துறைமுகங்களைக் காட்டி, ஆயிரம் தீவுகள் வரை போய், ஏற்றிய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். 16ஆம் திகதி மாலை அது ரொறன்ரோவில், ஒன்பதாம் இறங்குதுறையில், இரவு தங்க வந்து கட்டியது. இன்றைக்குக் குயின்ஸ் கீ என்று மாடிவீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தின் பக்கம்.

விடியப்புறம் இரண்டரை மணியளவில் ஒரு பயணி நடைவழியில் புகை மணத்தைக் கவனித்தார். படுக்கை விரிப்புகள் வைக்கும் ஒரு சிறு அறைக்குள் தீ. ஓர் ஊழியரைப் பிடித்து, கதவைத் திறந்து, அணைக்கும் குழாயைத் திருப்பினார்கள், தண்ணீர் வரவில்லை. கப்பலில் 524 பயணிகள் பெயர் கொடுத்திருந்தார்கள். பணியாளர் 171 பேர். ஆனால் துறைமுகத்தில் நிற்கிற இரவு என்பதால் பெரும்பாலானோர் கரைக்குப் போயிருக்க, கடமையில் பதினைந்து பேரளவில்தான் நின்றார்கள். கரைக்கு நடந்து இறங்கும் பாதை கீழ்த் தளம் ஒன்றில் மட்டும். மேல் நான்கு தளங்களில் உறங்கியவர்களுக்கு அதுவரை இறங்கி வர மரப்படிகள்தான், அவைதான் முதலில் பற்றின. ஊதத் தொடங்கிய சங்கு இறுகி நிறுத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தது. கயிற்றில் இறங்கினார்கள், ஏரிக்குள் குதித்தார்கள், தீயணைப்பு வீரர் சாத்திய ஏணியில் முண்டியடித்தார்கள். பாரம் தாங்காமல் ஓர் ஏணி முறிந்தது. ஊற்றிய தண்ணீரின் எடையிலேயே கப்பல் கட்டிய இடத்தில் அடியில் போய்க் குந்திவிட்டது.

இறந்தவர் தொகை 118 என்றும் 139 என்றும் இடைப்பட்ட எண்களாகவும் சொல்லப்படுகிறது. ஒரு தொகையில் ஒத்துப்போக முடியாத அளவுக்கு உடல்கள் கருகியிருந்தன. எக்ஸிபிஷன் மைதானத்தின் தோட்டக்கலைக் கட்டடத்தைப் பிணவறையாக்கி, பல் எக்ஸ்ரேப் படங்களை வைத்து ஆளடையாளம் கண்டார்கள். இறந்தவர் கிட்டத்தட்ட எல்லோருமே அமெரிக்கப் பயணிகள். அடையாளம் காண முடியாதவர்களுக்கு மவுண்ட் பிளெசன்ட் மயானத்தில் நினைவிடம் இருக்கிறது. ரொறன்ரோ நகரம் அதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் இத்தனை உயிர்களை இழந்ததில்லை என்று சொல்லுவார்கள். ஆனால் பறிபோனவர்கள் இந்த நகரத்தார் அல்லர் என்பதால்தானோ என்னவோ, இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் ஒருவரும் இந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டதாகச் சொன்னதில்லை.

நீதிபதி கெலக் விசாரித்தார். தீ எப்படித் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நிறுவனத்திடமோ கப்பலிடமோ திட்டம் ஒன்றும் இருக்கவில்லை என்பதை அவர் உறுதியாகச் சொன்னார். கப்பற்தலைவர் வில்லியம் ரெய்லரின் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு முடக்கப்பட்டது.

நான் இதில் நின்று யோசிப்பது வேறொன்றை. 1934இல் நியூ ஜேர்சிக் கரையோரம் மோரோ காசில் என்ற அமெரிக்கக் கப்பல் எரிந்து 137 பேர் போனார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கா தன் கொடிக் கப்பல்களுக்குத் தீத்தடுப்பு விதிகளை இறுக்கியது. டெட்ராயிட்காரர் ஒருவர் அமெரிக்கக் கொடிக் கப்பலில் ஏறியிருந்தால் அந்த விதிகள் அவரோடு கூட வந்திருக்கும். அவர் ஏறியது கனேடியக் கப்பல். அதைப் பரிசோதிப்பது கனடாவின் பொறுப்பு. யாருடைய கப்பல் எந்தத் துறைமுகங்களுக்கு இடையே ஓடலாம் என்று வரிக்கு வரி எழுதிய அமெரிக்கச் சட்டத்துக்கு, அந்தக் கப்பலின் சுவர் எதனால் ஆனது என்று கேட்க வாய் இருக்கவில்லை. கூலியையும் கட்டணத்தையும் காக்க எழுதப்பட்ட சட்டம் உயிரைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது நம் பிழை. ஆனால் நடைமுறையில் கொடியைத் தீர்மானிப்பது அந்தச் சட்டந்தான். பாதுகாப்பைத் தீர்மானிப்பது கொடி.

அமெரிக்கா அந்தக் கேள்வியைக் கேட்க இன்னொரு தீ வேண்டியிருந்தது. 1965 நவம்பர் 13இல் மயாமியிலிருந்து நசோவுக்குப் போன யார்மத் காசில் எரிந்து மூழ்கி 90 பேர் இறந்தார்கள். பனாமாக் கொடிக் கப்பல். 1927இல் எவாஞ்சலின் என்ற பெயரோடு பொஸ்டனுக்கும் நோவா ஸ்கோசியாவின் யார்மத்துக்கும் இடையே ஓடவென்று கட்டப்பட்டது. அதிலும் மரம், அதிலும் பழைய விதி. அடுத்த ஆண்டே அமெரிக்கா சட்டம் போட்டது: அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளேற்றி இரவு தங்கவைக்கும் கப்பல், எந்தக் கொடியாக இருந்தாலும், சர்வதேசத் தீத்தடுப்புத் தரத்துக்கு வர வேண்டும். கப்பலைப் பதிந்த நாட்டை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். என் மேசையில் கிடக்கும் குரூஸ் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், ‘கப்பல்களின் பதிவு: பஹாமாஸ்’ என்று இருக்கும். வாடிக்கையாளர் யாரும் அதை வாசித்துக் கண்டதில்லை. அந்த ஒரு வரி எரிந்து போனவர்களின் கணக்கில் வந்தது.

ஏரிகளில் ஓடிய மரக் கப்பல்களுக்கு அது மரண ஓலை. நொரோனிக் எரிந்த பிறகு கனடா இறுக்கிய விதிகளுக்கே கிங்ஸ்ரன் தாக்குப்பிடிக்காமல் உடைப்புக்குப் போயிருந்தது. நொரோனிக்கின் சகோதரிகளில் ஹமோனிக் 1945இலேயே சார்னியாப் பக்கம் எரிந்துவிட்டது. கயூகா 1957இல் நின்றது. கனடா ஸ்ரீம்ஷிப் லைன்ஸ் 1965 கோடையோடு பயணிகளை ஏற்றுவதையே விட்டது. அதே ஆண்டு கனடியன் பசிபிக்கின் கீவாட்டினும் ஓய்ந்தது. அமெரிக்கக் கப்பலான சவுத் அமெரிக்கன் 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சிக்கு ஆளேற்றிய கையோடு முடிந்தது. கீவாட்டின் மட்டும் பிழைத்தது: மிச்சிகனில் 45 வருடம் அருங்காட்சியகமாகக் கிடந்து, 2012இல் கனடாவுக்குத் திரும்பி, 2023இல் கிங்ஸ்ரன் நகருக்கு வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டச் சொல்வேன்.

1886 சட்டம் எங்கள் தொழிலில் இன்றைக்கும் தினசரிச் சங்கதி. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறைப்பாட்டோடு வருவார்கள்: “விக்ரோரியாவுக்கு ஏன் அக்கா இரவில கொண்டுபோய் விட்டவங்கள்? கடையெல்லாம் பூட்டிப்போட்டாங்கள்.” கடை திறந்திருக்க வேண்டும் என்பது கப்பலின் நோக்கம் அல்ல. சியாட்டிலிலிருந்து புறப்பட்டு அலாஸ்காத் துறைமுகங்களைத் தொட்டுச் சியாட்டிலுக்குத் திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். விக்ரோரியா அந்தக் கடன் கழிக்கும் இடம். ஹவாயில் இன்னும் வேடிக்கை. 2000களின் தொடக்கத்தில் ஹொனலூலுவிலிருந்து சுற்றிய ஒரு நோர்வீஜியன் கப்பல், தெற்கே 1,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கிரிபாட்டியின் பானிங் தீவைத் தொட்டுவிட்டு வந்தது. போக வர நாட்கணக்காகக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

சில பேருக்கு இது கையைச் சுடும். சியாட்டிலிலிருந்து வன்கூவருக்கு ஒரு இரவுக் கப்பல், அதே கப்பலில் தொடர்ந்து வன்கூவரிலிருந்து அலாஸ்காவின் விற்றியருக்கு இன்னொரு பயணம் என்று இரண்டையும் சேர்த்து வாங்கினால் மலிவு என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு ரிக்கெற் எடுத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரே பயணம்: ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குவது. வன்கூவர் ‘கிட்டிய’ வெளிநாட்டுத் துறைமுகம் என்பதால் அது கணக்கில் வராது. ‘தொலைவான’ துறைமுகமாக இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். கப்பலை மாற்றினால் சரி. கனடா முழுவதும் கிட்டியது. தென் அமெரிக்கா தொலைவானது. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் குரூஸ் விற்க முடியாது.

2021இல் இந்தச் சட்டம் தலைகீழாக நின்றதைக் கண்டோம். தொற்றுக்காகக் கனடா பெரிய குரூஸ் கப்பல்களுக்கு விதித்த தடையை அவ்வாண்டு பெப்ரவரியில் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டியது. கனடாவைத் தொட முடியாவிட்டால் சியாட்டில் கப்பல்களுக்கு அலாஸ்காவும் இல்லை. அலாஸ்காக் கரை ஊர்கள் கோடை வருமானம் இல்லாமல் தவித்தன. மே 24இல் அமெரிக்கா தற்காலிகச் சட்டம் ஒன்று போட்டு, கனடாவைத் தொடாமலே தொட்டதாகக் கொள்ளலாம் என்று விட்டது. 135 வருடம் அசையாத விதி, ஒட்டாவாவில் ஒரு தடை நீண்டதால் சில மாதத்தில் வளைந்தது. கனடா ஜூலையில் அவசரமாகத் தடையைச் சுருக்கி நவம்பரிலிருந்து வரலாம் என்றது. விக்ரோரியாவின் இரவு வியாபாரிகளுக்கு அந்தக் கோடை போனது போனதுதான்.

ரொறன்ரோவுக்குத் திரும்புகிறேன். செரி வீதிப் பக்கம் இருக்கும் பயணிகள் முனையம் குரூஸுக்காகக் கட்டப்பட்டது அல்ல. ரொச்செஸ்டருக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே வேகப் படகுச் சேவை ஒன்று வந்தது. அவுஸ்திரேலியாவில் கட்டிய, பஹாமாஸ் கொடியேற்றிய, காரையும் ஏற்றிக்கொள்ளும் இரட்டை உடல் கப்பல். 2004 ஜூனில் தொடங்கி, செப்டம்பரில் கடனில் நின்றது. ரொச்செஸ்டர் நகரசபை அதை ஏலத்தில் வாங்கி 2005 கோடையில் மறுபடி ஓட்டியது. அந்தக் கோடையில்தான் இங்கே முனையமும் திறந்தது. 2006 ஜனவரியில் நகரசபையும் கைவிரித்தது. வெளிநாட்டுக் கொடி என்பதால் ஏரியில் வழிகாட்டி மாலுமிக்கும் காசு கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கட்டாதது என்பதால் ரொச்செஸ்டரிலிருந்து இன்னோர் அமெரிக்க ஊருக்கு ஓட்டிப் பிழைக்கவும் வழியில்லை. ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்ரனுக்கு ஓட்டலாமா என்றால் அங்கே எங்கள் சட்டம். நாடு விட்டு நாடு போவதைத் தவிர வேறு வேலை தெரியாத கப்பலாக அது இருந்தது. கப்பல் ஐரோப்பாவுக்கு விலைப்பட்டது. கட்டடம் மிஞ்சியது.

அந்தக் கட்டடத்துக்குத்தான் இப்போது வைக்கிங் ஒக்டான்டிஸ் வருகிறது. 378 பயணிகள், நோர்வேக் கொடி. 2022இல் ஏரிகளுக்கு வந்தது. அதன் பயணங்களை எழுதிப் பார்த்தால் இரண்டு நாட்டுச் சட்டங்களும் அதில் தெரியும்: ரொறன்ரோவிலிருந்து மில்வோக்கி, மில்வோக்கியிலிருந்து தண்டர் பே. ஒரு நாட்டில் தொடக்கம், மற்ற நாட்டில் முடிவு. அப்படி வைத்தால் இரண்டு பக்கமும் வாய் திறக்க முடியாது. பயணி மட்டும் ஒருவழி விமானச் சீட்டு வாங்க வேண்டும். எனக்கு அதில் சிறு கமிஷன் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சட்டத்தை எடுத்தெறியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடிக் கதை தெரிந்த எந்தத் தமிழருக்கும் வராது. 1906இல் வ.உ.சி. பதிந்த சுதேசி நாவாய்ச் சங்கம் காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை வெட்டி வெட்டி, கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று நம் வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சங்கம் 1911இல் கலைந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சட்டமும் நிற்கவில்லை. நின்ற சட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1928இல் எஸ்.என். ஹாஜி இந்தியக் கரையோரத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார், வெள்ளைக்காரன் விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அந்த வேலி வந்தது. இப்போது இந்தியா குரூஸ் கப்பலுக்கு மட்டும் அதில் ஒரு படலையைத் திறந்து வைத்திருக்கிறது. அதனால்தான் பஹாமாஸ் கொடிக் கப்பல் ஒன்று சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஆளேற்ற முடிந்தது. 2023 ஜூனில் அது காங்கேசன்துறைக்கும் வந்து நின்றபோது படங்கள் ஸ்காபரோவில் கைபேசிக்குக் கைபேசி பறந்தன.

கனடாவில் காக்க என்ன இருக்கிறது? ரோபர்மோரிக்கும் மனிற்றூலின் தீவுக்கும் ஓடும் சீ-சீமான் படகு, ரொறன்ரோத் தீவுக்குப் போகும் படகுகள், இன்னும் சில நாட்சுற்றுக் கப்பல்கள். இரவு தங்கிப் போவதென்றால் 1981 முதல் கிங்ஸ்ரனை மையமாக வைத்து ஆறுகளில் ஓடிய கனேடியன் எம்பிரெஸ், 66 பேர் கொள்ளும் சிறு கப்பல். பெரிய ஏரிகளைச் சுற்ற ஒரு கனேடியக் கொடிக் கப்பலும் 1965க்குப் பின் வந்ததாக நான் அறியவில்லை. வெளியே கட்டிய கப்பலைக் கொண்டுவந்து பதியலாம் என்றால் நெடுங்காலம் 25 சதவீதச் சுங்க வரி. பயிர் அழிந்து அறுபது வருடமான வயலுக்கு வேலி மட்டும் புதுப்பித்தபடி இருக்கிறார்கள்.

படலை இங்கேயும் இல்லாமல் இல்லை. அதே மாதிரிச் சேவையைத் தர ஒரு கனேடியக் கப்பலும் இல்லை என்று கனேடியப் போக்குவரத்து முகமை தீர்மானித்தால், வெளிநாட்டுக் கப்பலுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கலாம். வடதுருவப் பக்கப் பயணங்களுக்கு இந்த வழியை எடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தின் ஆயுள் கூடினால் 12 மாதம். குரூஸ் நிறுவனமோ இரண்டு கோடைக்கு முன்பே அறைகளை விற்கத் தொடங்கும். விளம்பரப் புத்தகம் அதற்கும் முன்பே அச்சுக்குப் போய்விடும். வருடா வருடம் விண்ணப்பித்து, எதிர்ப்பு வருகிறதா என்று காத்திருந்து, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பயணத்துக்கு எந்த நிறுவனமும் முற்பணம் வாங்காது; வாங்கினால் நானும் விற்க மாட்டேன். ஏரிகளுக்கு மட்டும் அந்தப் 12 மாதத்தை ஐந்து வருடமாக்கினால் போதும், சட்டத்தில் வேறொன்றையும் தொடத் தேவையில்லை. பணியாளரில் பாதியை இங்கிருந்து எடுக்க வேண்டும், தீத்தடுப்புப் பரிசோதனையை ரொறன்ரோவில் வைத்துக் கனடாவே செய்ய வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் அதோடு சேர்த்துவிடலாம். இந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு இதைக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது.